அமெரிக்காவில் பழங்காலத் துப்பாக்கி சேகரிப்பு: மாநிலச் சட்டத்தில் சிக்காமல் தொடங்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வசித்துக்கொண்டு, முதல் பழைய துப்பாக்கியை வாங்கலாம் என்று நினைக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். கன் ஷோக்களிலும் நண்பர்கள் வட்டத்திலும் புதிதாக வருகிறவர்களைப் பல வருஷமாகப் பார்த்துவருகிறேன். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். துப்பாக்கி பிடித்துப்போகிறது, முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள், சட்டத்தைத் தேடுவது அதற்கு அப்புறம். முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் யார் என்பது. அடுத்தது நீங்கள் இருக்கும் மாநிலம். துப்பாக்கி மூன்றாவதுதான்.

தொடங்கும்போது கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: இப்போதைய வீட்டு முகவரியுடன் கூடிய ஓட்டுநர் உரிமம், குடியுரிமைச் சான்று அல்லது கிரீன் கார்டு, பூட்டக்கூடிய இரும்புப் பெட்டி, ஒரு நோட்டுப் புத்தகம். பணத்தைக் கடைசியில் எடுத்தால் போதும்.

மாநிலச் சட்டங்கள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. நீதிமன்றத் தீர்ப்புகளும் அவற்றை மாற்றுகின்றன. இங்கே சொல்லியிருப்பதை அடித்தளமாக வைத்துக்கொண்டு, வாங்கும் வாரத்தில் உங்கள் மாநிலக் காவல் துறை அல்லது அட்டர்னி ஜெனரல் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

1. முதலில் உங்கள் விசா நிலையைப் பாருங்கள்

மற்ற எல்லாப் படிகளும் இதைப் பொறுத்தவை. ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. வாங்குவது மட்டும்தான் தவறு என்று பலர் நினைக்கிறார்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் 'வைத்திருப்பது' என்ற கணக்கில்தான் வரும்.

இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் பலருக்குப் பொருந்துவது, ஏதேனும் ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அந்த உரிமம் இருந்தால் ஃபெடரல் தடை நீங்கும். மாநிலத் தடை தனியாக நிற்கும். என் கருத்தைக் கேட்டால், ஹெச்-1பியில் இருப்பவர்கள் இந்த விதிவிலக்கை நம்பிச் சேகரிப்பைத் தொடங்க வேண்டாம். உரிமம் காலாவதியாகும் நாளிலேயே தடை திரும்ப வந்துவிடும். மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை பெறக்கூடிய குற்றம் இது. துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தலுக்கும் ஒரு காரணம். கிரீன் கார்டு வரும்வரை படியுங்கள், அருங்காட்சியகம் பாருங்கள், புத்தகம் சேருங்கள். கிரீன் கார்டு வந்த பிறகு ஃபெடரல் சட்டத்தின் பார்வையில் குடிமக்களுக்கு உள்ள அனுமதி பெரும்பாலும் உங்களுக்கும் உண்டு.

நம் வீடுகளில் மட்டும் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குடிமகன், ஊரிலிருந்து அப்பா அம்மா பி-2 விசாவில் ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார்கள். அப்பா ஆசையாகக் கேட்கிறார் என்று ரைபிளை அவர் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்காதீர்கள். பெட்டியின் சாவியோ எண்ணோ அவர்களுக்குத் தெரியவும் கூடாது. மனைவியோ கணவரோ ஹெச்-4இல் இருந்தாலும் இதே விதிதான். சாவி யாரிடம் இருக்கிறதோ அவரும் அதை வைத்திருப்பவராகவே கருதப்படலாம்.

கஞ்சாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் மாநிலத்தில் அது அனுமதிக்கப்பட்டதாக இருந்தாலும், டீலரிடம் நிரப்பும் 4473 படிவம் ஃபெடரல் படிவம். அதில் உள்ள கஞ்சா பயன்பாடு பற்றிய கேள்விக்கு மாநிலச் சட்டத்தை மனதில் வைத்துப் பதில் எழுதக் கூடாது.

2. எந்த வகைத் துப்பாக்கி என்று பிரித்துப் பாருங்கள்

ஃபெடரல் சட்டத்தின் கண்ணில் பழைய துப்பாக்கிகள் நான்கு வகைகளில் ஒன்றில் விழும். எந்த வகை என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கைமாற்றும் முறை, பதிவு, அனுப்பும் வழி எல்லாமே வகையைப் பொறுத்து மாறும்.

முதல் வகை ஆன்டிக். 1898 அல்லது அதற்கு முன் தயாரானவை இதில் அடங்கும். கருமருந்தை வாய் வழியாக நிரப்பிச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிகளும், தோட்டா போட்டுச் சுட முடியாதவையாக இருந்தால், இப்போது செய்யப்பட்ட நகல்களானாலும் இதில் வரும். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவற்றைத் துப்பாக்கி என்றே கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது வகையைச் சேகரிப்பாளர்கள் 'சி அண்ட் ஆர்' (கியூரியோஸ் அண்ட் ரெலிக்ஸ்) என்பார்கள். தயாராகி 50 ஆண்டுகள் முடிந்தவை, அரசு அருங்காட்சியகக் காப்பாளர் சான்று தந்தவை, வரலாற்றுத் தொடர்பாலோ அபூர்வத்தாலோ பெரும் மதிப்புப் பெற்றவை ஆகியன இதில் சேரும். 50 ஆண்டுக் கணக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சில மாடல்கள் உள்ளே வரும். வயதை வைத்து மட்டும் தகுதி பெறும் துப்பாக்கி, தயாரானபோது இருந்த வடிவத்திலேயே இருக்க வேண்டும். ராணுவ ரைபிளின் கட்டையை வெட்டி, புதுப் பேரல் (குழல்) போட்டு வேட்டைத் துப்பாக்கியாக மாற்றியிருந்தால், எத்தனை வயதானாலும் இந்தச் சலுகை போய்விடும்.

மூன்றாவது வகை சாதாரணத் துப்பாக்கி. இதற்கு வழக்கமான டீலர் நடைமுறைதான்.

நான்காவது வகையில் எச்சரிக்கை வேண்டும். 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வரும் எந்திரத் துப்பாக்கிகள், 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரல் கொண்ட ரைபிள்கள், 18 அங்குலத்துக்குக் குறைந்த பேரல் கொண்ட ஷாட்கன்கள் இதில் வரும். பழசு என்பதால் இவை தப்பிவிடாது. லூகர், மவுசர் சி96 போன்ற பிஸ்டல்களின் பின்னால் தோள்கட்டை பொருத்தினால் அது குட்டைப் பேரல் ரைபிள் ஆகிவிடும். அசல் காலத்துத் தோள்கட்டையுடன், ஏடிஎஃப் (துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் ஃபெடரல் துறை) பட்டியலில் பெயர் சொல்லி விலக்கு தரப்பட்டவை மட்டுமே தப்பும். எங்கேயோ மலிவாகக் கிடைத்த கட்டையைப் பொருத்திப் பார்ப்பது இதில் நடக்கும் பெரிய தவறு.

இரண்டாம் உலகப் போர் வீரர் ஒருவரின் வீட்டுப் பரணிலிருந்து பதிவு செய்யாத எந்திரத் துப்பாக்கி வெளியே வருவதும் உண்டு. 1968 நவம்பரில் ஒரு மாதம் மன்னிப்புக் காலம் கொடுத்தார்கள். அப்போது பதியாததை இன்று ஒரு தனியாள் பதிவு செய்ய வழியில்லை. அதை வாங்க வேண்டாம், காரில் ஏற்றவும் வேண்டாம். அந்தக் குடும்பத்தை ஒரு வழக்கறிஞரிடம் அனுப்புங்கள்.

3. தயாரான ஆண்டை ஆதாரத்தோடு உறுதி செய்யுங்கள்

மாடல் பெயரில் உள்ள ஆண்டு வேறு, தயாரான ஆண்டு வேறு. இதைக் குழப்பிக்கொள்ளாத புதியவரை நான் பார்த்ததில்லை. ஸ்பிரிங்ஃபீல்டின் கிராக் ரைபிளில் 'மாடல் 1898' என்று பொறித்திருக்கும். ஆனால் அந்த மாடல் 1904 வரை தயாரானது. அந்தப் பொறிப்பைக் காட்டி ஆன்டிக் என்று விற்பவரிடம் சீரியல் நம்பரைக் கேளுங்கள்.

கணக்கில் வருவது ரிசீவர் (பேரலும் போல்ட்டும் பொருந்தும் நடு உடல்) தயாரான ஆண்டு. பேரல், கட்டை, போல்ட் (தோட்டா அறையை மூடித் திறக்கும் பாகம்) எதுவும் அல்ல. இதற்கு நல்ல உதாரணம் ஃபின்லாந்தின் எம்39 ரைபிள். பேரலில் 1942, 1944 என்று இருக்கும். ஆனால் ஃபின்லாந்துக்காரர்கள் ஜார் காலத்து ரஷ்ய மோசின்-நகான் ரிசீவர்களை எடுத்துத்தான் அதைக் கட்டினார்கள். இரண்டு திருகுகளைக் கழற்றி, கட்டையிலிருந்து இரும்புப் பாகத்தைத் தூக்கி, ரிசீவரின் வால்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே சிறிதாக ஓர் ஆண்டு பொறித்திருக்கும். அது 1898 அல்லது அதற்கு முந்தையதாக இருந்தால், 1940களில் கட்டப்பட்ட அந்த ரைபிள் ஃபெடரல் சட்டப்படி ஆன்டிக். வாங்கும் முன் விற்பவரிடம் அந்த இடத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சில சமயம் தயாரித்தவர் பெயரே ஆண்டைச் சொல்லிவிடும். 'லூட்விக் லூவே, பெர்லின்' என்று பொறித்த சிலி நாட்டு 1895 மவுசர் ரைபிள்கள் 1899க்கு முந்தையவை. அந்த நிறுவனம் அதற்குள்ளாகவே டிடபிள்யூஎம் என்று மாறிவிட்டது.

வின்செஸ்டர் போன்றவற்றுக்கு இணையத்தில் சுற்றும் சீரியல் நம்பர் பட்டியல்களை மட்டும் நம்பாதீர்கள். அவற்றில் சிலவும் தொழிற்சாலைப் பதிவேடும் ஒத்துப்போவதில்லை. பழைய வின்செஸ்டர் பதிவேடுகளில் பல, வயோமிங் மாநிலத்தின் கோடி நகரில் உள்ள கோடி துப்பாக்கி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் உங்கள் சீரியல் நம்பருக்குக் கடிதம் தருவார்கள். கோல்ட் நிறுவனமும் இதே போன்ற ஆவணக் கடிதம் தருகிறது. எல்லை ஆண்டான 1898க்குப் பக்கத்தில் இருக்கும் துப்பாக்கிக்கு இந்தக் கடிதம் கட்டாயம் என்றே சொல்வேன். நாளைக்குக் காவலர் ஒருவர் கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் வேறென்ன இருக்கும்?

4. மாநிலச் சட்டத்தை மூன்று கேள்விகளாக உடையுங்கள்

குழப்பம் முழுக்க இங்கேதான். ஃபெடரல் சட்டம் அனுமதித்தால் போதும் என்பது தவறான எண்ணம். மாநிலம் தன் பங்குக்கு வேறு விளக்கம் வைத்திருக்கும். அதையும் நிறைவேற்றியாக வேண்டும். மாநிலச் சட்டத்தை முழுவதும் படிக்க முயன்று பாதியில் விட்டவர்கள் நிறையப் பேர். மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் தேடுங்கள்.

முதல் கேள்வி: என் மாநிலம் 'ஆன்டிக்' என்று எதைச் சொல்கிறது?

நியூ ஜெர்சியைப் பாருங்கள். எடிசன் பக்கம் நம் மக்கள் நிறைய இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன். அங்கே சட்டத்தில் உள்ள 'ஆன்டிக்' விளக்கம் ரைபிளையும் ஷாட்கன்னையும் மட்டுமே குறிக்கிறது. கைத்துப்பாக்கிக்கு அதில் இடமே இல்லை. 2014இல் 72 வயது ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், 18ஆம் நூற்றாண்டின் சிக்கிமுக்கிக் கல் பிஸ்டல் ஒன்றைக் காரில் வைத்திருந்ததற்காக அங்கே கைது செய்யப்பட்டார். அது குண்டு நிரப்பாத பிஸ்டல். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 2015இல் வழக்கைக் கைவிட்டார்கள். ஆனால் சட்டத்தின் விளக்கம் அவர் பக்கம் இல்லை. நான் இருக்கும் பென்சில்வேனியாவுக்கும் நியூ ஜெர்சிக்கும் நடுவே டெலவேர் ஆறுதான். பாலத்தின் இந்தப் பக்கம் ஆன்டிக்காக இருக்கும் பிஸ்டல், அந்தப் பக்கம் பெர்மிட் தேவைப்படும் கைத்துப்பாக்கி.

நியூயார்க் வேறு மாதிரி பார்க்கிறது. அங்கே ஆண்டு முக்கியமில்லை, தோட்டாதான் முக்கியம். வாய் வழியாக நிரப்பும் பழைய கைத்துப்பாக்கி அல்லது இப்போது கடையில் கிடைக்காத தோட்டாவைப் பயன்படுத்துவது என்றால்தான் ஆன்டிக். 1885இல் தயாரான கோல்ட் ரிவால்வர் .45 கோல்ட் தோட்டாவுக்கானது என்றால், அந்தத் தோட்டா இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஆகவே கைத்துப்பாக்கி லைசென்ஸ் இல்லாமல் நியூயார்க்கில் அதை வைத்திருக்க முடியாது.

இரண்டாம் கேள்வி: வாங்கும் முன் என்ன அட்டை வேண்டும்?

நியூ ஜெர்சியில் நீளத் துப்பாக்கிக்கு வாங்குபவர் அடையாள அட்டை, ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனிப் பெர்மிட். இலினாயில் தோட்டா வாங்கக்கூட 'ஃபாய்டு' அட்டை வேண்டும். நியூயார்க்கில் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ். 2022 செப்டம்பரிலிருந்து செமி-ஆட்டோமேட்டிக் ரைபிள் (சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் வகை) வாங்கவும் லைசென்ஸ். அந்த வகையைச் சேர்ந்த எம்1 கராண்ட் ரைபிள் மேல் ஆசை உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நியூயார்க் நகரத்துக்குள் குடியிருந்தால் நகரத்தின் தனி விதிகளும் சேரும். சாதாரண ரைபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் அங்கே பெர்மிட் உண்டு.

கலிஃபோர்னியாவில், அடுத்த படியில் சொல்லப்போகும் ஃபெடரல் சேகரிப்பாளர் லைசென்ஸ் மட்டும் கையில் இருந்தால் பெரிய பயன் இல்லை. மாநில நீதித் துறை தரும் தகுதிச் சான்றிதழும் வேண்டும். அதற்குக் கைரேகை கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் 50 வயது தாண்டிய ரைபிளும் டீலர் வழியாக, 10 நாள் காத்திருப்போடுதான் கைக்கு வரும். டெக்சஸ், அரிசோனா போன்ற இடங்களில் ஃபெடரல் சட்டத்துக்கு மேல் வாங்குபவர் பார்க்க வேண்டியது குறைவு.

மூன்றாம் கேள்வி: இந்த மாடலையோ இதன் மேகசினையோ (தோட்டாக்களை அடுக்கும் கூடு) பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்களா?

எம்1 கார்பைன் இதற்குச் சரியான உதாரணம். இரண்டாம் உலகப் போர்க் கால ரைபிள், எல்லோருக்கும் பிடிக்கும், ஃபெடரல் சட்டத்தில் சி அண்ட் ஆர். ஆனால் நியூ ஜெர்சி தன் தடைப் பட்டியலில் எம்1 கார்பைன் வகையைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பெயரில் நெருங்கிய எம்1 கராண்டுக்கு அந்தத் தடை இல்லை. கார்பைனுடன் வரும் 15, 30 தோட்டா மேகசின்கள், 10 தோட்டா வரம்பு வைத்திருக்கும் பிற மாநிலங்களிலும் தொல்லை தரும்.

மூன்று கேள்விக்கும் கிடைத்த பதில்களை, சட்டப் பிரிவு எண்ணோடு, ஒரே தாளில் எழுதிப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள். மாநிலம் மாறிக் குடிபோகும்போது புதுத் தாள் எழுத வேண்டும். வேலை மாறி டெக்சஸிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போகிறவர்கள் லாரி ஏற்றும் முன்பே இதைச் செய்தாக வேண்டும்.

5. சேகரிப்பாளர் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள்

டைப் 03 என்ற இந்த ஃபெடரல் லைசென்ஸை ஏடிஎஃப் தருகிறது. கட்டணம் 30 டாலர், மூன்று ஆண்டு செல்லும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். டீலர் லைசென்ஸுக்குக் கேட்கும் கைரேகையும் புகைப்படமும் இதற்குத் தேவையில்லை. விண்ணப்பத்தின் நகல் ஒன்றை உங்கள் ஊர்க் காவல் துறைத் தலைவருக்கோ ஷெரீஃபுக்கோ அனுப்ப வேண்டும். அதற்கு அவருடைய அனுமதி தேவையில்லை, தகவலுக்குத்தான்.

இது கையில் இருந்தால் சி அண்ட் ஆர் துப்பாக்கியை வெளிமாநிலத்தில் நேரில் வாங்கலாம். உங்கள் மாநிலம் அனுமதித்தால் வீட்டு முகவரிக்கே வரவழைக்கலாம். ஒவ்வொரு முறையும் டீலருக்குக் கைமாற்றுக் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை. கையெழுத்திட்ட லைசென்ஸ் நகலை விற்பவருக்கு அனுப்பினால் போதும்.

இந்த லைசென்ஸை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. சேகரிப்பை மேம்படுத்த ஒன்றை விற்று வேறொன்றை வாங்குவது சரி. லாபத்துக்காகத் திரும்பத் திரும்ப வாங்கி விற்றால் டீலர் லைசென்ஸ் வேண்டும். 2022இல் வந்த திருத்தம் இந்த எல்லையை இன்னும் இறுக்கியது. வீடு மாறுவதென்றால் குறைந்தது 30 நாள் முன்பே ஏடிஎஃப்புக்கு விண்ணப்பித்து முகவரியை மாற்றுங்கள். லைசென்ஸ் அந்த முகவரிக்குத்தான்.

6. பதிவேட்டை முதல் நாளே தொடங்குங்கள்

லைசென்ஸ் வந்ததும் 'பவுண்ட் புக்' எனப்படும் பதிவேடு கட்டாயம். தாள் பிரிக்க முடியாதபடி தைத்த புத்தகம் வாங்குங்கள். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. வரவில் தேதி, யாரிடமிருந்து வந்தது, அவர் முகவரி அல்லது லைசென்ஸ் எண், தயாரிப்பாளர், மாடல், சீரியல் நம்பர், வகை, தோட்டா அளவு. பற்றில் யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதோடு, அவர் லைசென்ஸ் இல்லாதவர் என்றால் பிறந்த தேதியும் அடையாள அட்டை விவரமும்.

வரவை அடுத்த வேலை நாள் முடிவதற்குள் எழுத வேண்டும். பற்றுக்கு 7 நாள். வாரக்கடைசியில் சேர்த்து எழுதலாம் என்று விடுபவர்களே அதிகம், அதுவே விதிமீறல்தான். சீரியல் நம்பரை ரசீதைப் பார்த்து எழுதாதீர்கள், இரும்பைப் பார்த்து எழுதுங்கள். பழைய பொறிப்பில் 3, 8 இரண்டும் ஒன்றுபோல் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

ஏடிஎஃப் ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பதிவேட்டைச் சோதிக்கலாம். சோதனையை உங்கள் வீட்டில் வைப்பதா, அவர்கள் அலுவலகத்தில் வைப்பதா என்று தேர்வு செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. திருட்டுப் போனால் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃப்புக்கும் உள்ளூர்க் காவல் துறைக்கும் சொல்ல வேண்டும்.

7. பணம் கொடுக்கும் முன் கையில் எடுத்துப் பாருங்கள்

சட்டம் சரி என்று தெரிந்த பிறகே இந்தப் படி. எடுத்ததும் போல்ட்டைத் திறந்து அறை காலியா என்று பாருங்கள். விற்பவர் பார்த்துவிட்டதாகச் சொன்னாலும் நீங்களும் பாருங்கள்.

ராணுவ ரைபிளின் மதிப்பு எண்கள் பொருந்துவதில் இருக்கிறது. ரிசீவர், போல்ட், பேரல், கட்டை ஆகியவற்றின் எண் ஒன்றாக இருந்தால் விலை கூடும். அதனாலேயே பழைய எண்ணை அரைத்துவிட்டுப் புது எண் பொறிப்பவர்கள் உண்டு. விரல் நுனியால் தடவுங்கள்; அரைத்த இடம் சற்றுக் குழிந்திருக்கும், சுற்றியிருக்கும் நிறமும் மாறியிருக்கும். எழுத்தின் ஓரம் கூர்மையாக, புதிதாகத் தெரிந்தால் விலகுங்கள். ஜெர்மன் லூகரில் எஸ்எஸ் (நாஜிப் படை) முத்திரை காட்டி இரண்டு மடங்கு விலை சொன்னால், அந்த முத்திரைக்கு ஒரு டாலரும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பொய் முத்திரைகளே அங்கே அதிகம்.

பளபளவென்று மெருகேற்றியதை விரும்பி வாங்காதீர்கள். தேய்ந்த அசல் பூச்சுக்கு இருக்கும் மதிப்பு புதுப் பூச்சுக்குக் கிடையாது. ஒருமுறை தேய்த்து எடுத்ததைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது.

தொடக்கத்துக்கு எதை வாங்கலாம் என்று கேட்டால், நான் லீ-என்ஃபீல்டைச் சொல்வேன். பாகங்கள் கிடைக்கின்றன, புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. கொல்கத்தாவுக்கு வடக்கே உள்ள இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் தயாரான லீ-என்ஃபீல்டுகள் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும். அவற்றில் 1960களில் 7.62 நேட்டோ தோட்டாவுக்காகச் செய்த 2ஏ, 2ஏ1 மாடல்களும் உண்டு. நம் நாட்டு ராணுவத்தின் கை பட்ட ரைபிளை இங்கே பார்ப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வாங்கும்போது முன்கட்டையில் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். கையெறி குண்டு ஏவுவதற்காக அப்படிச் சுற்றி வலுவேற்றினார்கள். அது கடினமாக உழைத்த ரைபிள். சுவரில் மாட்ட நல்லது, சுட வேண்டாம்.

எம்1 கராண்ட் வேண்டுமென்றால் அலபாமாவின் ஆனிஸ்டனிலிருந்து விற்கும் சிஎம்பி என்ற அமைப்பைப் பாருங்கள். ஆனால் சட்டப்படி அது குடிமக்களுக்கு மட்டும்தான் விற்கும். கிரீன் கார்டு போதாது.

8. கைமாற்றும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

வெளிமாநிலத் தனியாளிடம் சேகரிப்பாளர் லைசென்ஸ் இல்லாமல் வாங்கினால், லைசென்ஸ் பெற்ற டீலர் வழியாகத்தான் துப்பாக்கி வர வேண்டும்; கைத்துப்பாக்கி என்றால் அது உங்கள் மாநில டீலராகவே இருக்க வேண்டும். கன் ஷோவில் நேரில் பார்த்தாலும் இதே விதிதான். 'ஷோவில் தனியாள் விற்பனைக்குக் கேள்வி இல்லை' என்று சொல்பவரின் கார் எண் பலகையைப் பாருங்கள். அவர் வேறு மாநிலத்தவராக இருந்தால் அந்தப் பேச்சு செல்லாது. ஒரே மாநிலத்துக்குள் என்றாலும் மாநிலச் சட்டம் குறுக்கே வரும். பென்சில்வேனியாவில் தனியாளிடம் கைத்துப்பாக்கி வாங்கினால் டீலர் அல்லது ஷெரீஃப் அலுவலகம் வழியாகத்தான்.

9. காரிலும் விமானத்திலும் கொண்டு போகும் முன்

ஃபெடரல் சட்டத்தில் பயணப் பாதுகாப்பு விதி ஒன்று உண்டு. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு அனுமதிக்கப்பட்டதாக இருந்தால், நடுவில் உள்ள மாநிலங்களைக் கடக்கலாம். துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டாமல் டிக்கியில் இருக்க வேண்டும். தனி டிக்கி இல்லாத எஸ்யூவி, மினிவேன் என்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டேஷ்போர்டு அறையும் நடு கன்சோலும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது.

இந்த விதியின் எல்லை சிறியது. கடந்து போகிறவர்களுக்கு மட்டும்தான், தங்குகிறவர்களுக்கு அல்ல. இணைப்பு விமானம் தவறி, நியூயார்க் விமான நிலையத்தில் பெட்டியைத் திரும்பப் பெற்று ஓர் இரவு ஹோட்டலில் தங்கிய பயணி ஒருவர், மறுநாள் காலை மறுபடி செக்-இன் செய்யும்போது கைதாகும் நிலையும் வரலாம். நியூவர்க் விமான நிலையத்தில் இப்படிக் கைதான ஒருவர் தொடர்ந்த வழக்கில், 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த விதி அவரைக் காக்காது என்றே சொன்னது. ஆகவே நியூயார்க், நியூ ஜெர்சி வழியாக இணைப்பு விமானம் எடுக்காதீர்கள். நேர் விமானமாகப் பாருங்கள். பெட்டி கடினமானதாக, பூட்டியதாக இருக்க வேண்டும்; செக்-இன் மேசையில் அறிவிக்க வேண்டும்.

ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். மூலையில் கிடக்கும் ஒற்றைத் தோட்டா போதும், சென்னை விமான நிலையத்தில் இந்திய ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வர. அதற்கென்று வேறு நிறத்தில் தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள்.

10. சுடுவதற்கு முன் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்

பழைய துப்பாக்கி எல்லாம் சுடத் தக்கதல்ல. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் தயாரான எம்1903 ரைபிளில் சீரியல் நம்பர் 800000க்குக் கீழே இருந்தாலும், ராக் ஐலண்டில் தயாரானதில் 285507க்குக் கீழே இருந்தாலும் சுடாதீர்கள். இரும்பைச் சூடேற்றிப் பதப்படுத்தியதில் வந்த குறையால் ரிசீவர் நொறுங்கக்கூடியது. பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, எண்தான் சொல்லும். தகடு முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் பேரல் ஷாட்கன்னில் இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது. தோட்டாவின் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே பொருந்திவிடாது: பழைய 8 மி.மீ. ஜெர்மன் ரைபிள்களில் குண்டு .318 அங்குலம், பின்னால் வந்தவற்றில் குண்டு .323.

உபரி ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பகுதி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பிறகு அது பேரலுக்குள் உப்பாகப் படியும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. முதலில் வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, பிறகுதான் எண்ணெய். எண்ணெய் மட்டும் போட்டு வைத்த பேரலில் சில நாளிலேயே துரு கிளம்பிவிடும்.

11. குடும்பத்துக்கு எழுதி வையுங்கள்

ஃபெடரல் சட்டம் உயில் அல்லது வாரிசுரிமை வழியாக வரும் துப்பாக்கியை மாநில எல்லை தாண்டிக் கொடுக்க அனுமதிக்கிறது. பெறுபவர் தடை செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது. அவர் வசிக்கும் மாநிலத்தின் விதிக்கும் உட்பட வேண்டும். கலிஃபோர்னியாவில் இருக்கும் மகளுக்குப் போனால் அவர் 30 நாளுக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மகன் எம்1 கார்பைனை நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோகவே முடியாது.

பெட்டியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள்: எந்த வகை, சீரியல் நம்பர், என்ன விலை, யாருக்கு, அவர் வாங்கிக்கொள்ள முடியாவிட்டால் எந்த டீலரிடம் கொடுக்க வேண்டும். தொழிற்சாலைக் கடிதத்தை அட்டையோடு சேர்த்து வையுங்கள். இந்தியக் குடியுரிமையோடு தற்காலிக விசாவில் இருக்கும் வாரிசு பெயரை எழுதாதீர்கள். பட்டியலின் ஒரு பிரதி உங்கள் வழக்கறிஞரிடமும் இருக்கட்டும்.